பதினான்காவது பெட்டியும் இருமல் மருந்தும்

ஐம்பத்தோரு வயதில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி படிக்க உட்கார்ந்தவருக்கு ஊரில் இரண்டு வகை மனிதர்கள்தான் தென்படுவார்கள். இந்த வயதில் எதற்கு என்பவர்கள் ஒரு வகை. வயதெல்லாம் ஒரு பொருட்டா என்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேரும் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. கஸ்பாருக்கு மூன்றாவதாக ஒருவர் வாய்த்தார். பெயர் தாஹிரா, வயது முப்பத்து நான்கு. முதல் நாள் அவர் கேட்டது, மத்தியானத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறீர்களா என்பது மட்டும்தான்.

கஸ்பார் இருபத்து நான்கு வருஷம் பாலிடெக்னிக்கில் மின்சாரப் பாடம் நடத்தியவர். கல்லூரியை மூடிவிட்டார்கள். அதனால் அவர் தாஹிராவை டீச்சர் என்று கூப்பிட, தாஹிரா அவரை சார் என்று கூப்பிடுவார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இங்கே யாருக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பிடிபட ஒரு வாரமாகும்.

தூத்துக்குடியில் ஒரு வலைக்கடையின் மாடியில் அவர்களுடைய அலுவலகம். ஏழு பேர். கடற்கரையோரம் பதினான்கு ஊர்களில் கம்பம் நட்டு, ஊருக்கொரு பெட்டி மாட்டியிருந்தார்கள். பெட்டிக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர், வெளியே ஒலிபெருக்கி. மறுநாள் காற்றும் அலையும் எப்படி இருக்கும் என்ற தகவலை வாங்கி, சாயங்காலம் நாலு மணிக்குத் தமிழில் வாசிக்கும்.

வாசிக்கிற நிரல் பைத்தானில் எழுதியது. அது தனியாக நிற்காது. யார் யாரோ எங்கெங்கோ எழுதிய இருபத்து மூன்று பேக்கேஜ்கள், அதாவது தயார் நிரல் துண்டுகள், அதற்கு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. இன்னதோடு உட்காருவேன், அதிலும் அதன் இன்ன வெர்ஷனோடுதான் உட்காருவேன் என்று நிற்கும். கல்யாணப் பந்தியில் பேச்சுவார்த்தை இல்லாத சொந்தங்களைப் பார்த்துப் பார்த்து உட்காரவைக்கிற மாதிரியான வேலை.

அதுவரை அந்தந்தப் பெட்டியே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. கடற்கரையில் சிக்னல் சீராக இருக்காது. ஒரு மதியம் முழுக்க ஓடும். ஓடி முடித்தாலும் இந்தப் பெட்டி ஒரு முடிவுக்கு வரும், அந்தப் பெட்டி வேறொரு முடிவுக்கு வரும்.

ஒருநாள் கஸ்பார் கேட்டார்.

"எதோட எது பொருந்தும்ங்கிறதை எங்க வச்சுத் தீர்மானிக்கணும் டீச்சர்? அந்தந்தப் பெட்டியிலயா, நம்ம ஆபீஸ் சர்வர்லயா?"

தாஹிரா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எதிர்ல மருந்துக்கடைல ஒரு இருமல் மருந்து வாங்கிட்டு வாங்க சார்."

கஸ்பாருக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. கேள்வி கேட்டால் கடைக்கு அனுப்புகிறாரே என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினார். கடையிலிருந்த பெண்மணி, யாருக்கு, வயது என்ன, பிரஷர் சுகர் உண்டா, வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுவது உண்டா என்று வரிசையாக விசாரித்தாள். கஸ்பாரின் மனசெல்லாம் சர்வரில் இருந்தது. "அம்பத்தொண்ணு. ஒண்ணும் கிடையாது" என்று தன்னைப் பற்றியே சொல்லிவைத்தார். அவள் திரும்பினாள். தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருந்த ஆயிரம் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

அதைப் பார்த்ததும் கஸ்பாருக்குப் பொறி தட்டிவிட்டது. மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவினார். அந்த வயதில் அது வேண்டாத வேலை.

"புரிஞ்சிருச்சு டீச்சர். எல்லாம் ஒரே இடத்துல இருக்கணும். எது எங்க இருக்குன்னு அந்த இடத்துக்குத்தான் தெரியும். சர்வர்தான்."

தாஹிரா பாட்டிலை வாங்கி, அட்டையில் எழுதியிருந்ததை முழுக்கப் படித்தார். மேசை டிராயரைத் திறந்து உள்ளே வைத்தார்.

"அப்படியா. செஞ்சு பாருங்க" என்றார்.

கஸ்பார் மூன்று மாதம் அதிலேயே கிடந்தார். எல்லாப் பேக்கேஜ்களின் எல்லா வெர்ஷன்களையும் பற்றிய விவரங்களை சர்வரில் சேர்த்துவைத்தார். பெட்டிகளுக்கு இனி யோசிக்கிற வேலை கிடையாது. சர்வர் எட்டு நொடியில் ஒரு பட்டியலைத் தீர்மானித்து அனுப்பும், பெட்டி அதை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளும். ஒரு திங்கட்கிழமை காலை பதினான்கு பெட்டிகளுக்கும் அனுப்பினார். திரையில் பதினான்கு பச்சைக் குறிகள் வந்தன. அலுவலகத்தில் எல்லாருக்கும் அல்வா வாங்கிக்கொடுத்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய தம்பி சிலுவையிடமிருந்து போன் வந்தது.

சிலுவை புன்னைத்துறையில் இருக்கிறவன். மீன்பிடிக்கிறவன், ஊர்க் கமிட்டியின் செயலாளரும்கூட. பதினான்கு பெட்டிகளில் முதல் பெட்டி, நாலு வருஷத்துக்கு முன்னால், அந்த ஊரில்தான் வைத்தார்கள். வேண்டாம் என்று நின்ற ஊரைப் பேசிப் பேசிச் சம்மதிக்கவைத்தது அப்போது வாத்தியாராக இருந்த கஸ்பார். ஊர் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. பெட்டி தினமும் பேச வேண்டாம், தினமும் பேசினால் ஒருத்தரும் காதில் வாங்க மாட்டார்கள், சொல்ல விஷயம் இருந்தால் மட்டும் பேசட்டும். அன்றிலிருந்து புன்னைத்துறையில் பெட்டி பேசவில்லை என்றால் கடல் சும்மா இருக்கிறது என்று அர்த்தம்.

"அண்ணே, நேத்து பெட்டி பேசலை. அதனால போனோம்" என்றான் சிலுவை.

பக்கத்து ஊர்களில் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கே பலத்த காற்று வரும் என்று பெட்டிகள் வாசித்திருந்தன. புன்னைத்துறையில் சத்தமே இல்லை. விடியுமுன் படகுகள் போயின. காற்று பிடித்துக்கொண்டது. ஆட்கள் எல்லாரும் கரை வந்துவிட்டார்கள். வலைகள் போய்விட்டன. கமிட்டி கூடிப் பேசி முடித்துவிட்டதாம். இன்றைக்கு நாலு மணிக்கும் பெட்டி பேசவில்லை என்றால் இறக்கிவிடுவது. பேசாத பெட்டியை நம்புவதைவிடப் பெட்டியே இல்லாமல் பழையபடி வானத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஊர் சொல்கிறது. ஏறி இறக்க வேண்டியது செயலாளரின் வேலை.

கஸ்பார் போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் பதினான்கு பச்சைக் குறிகள் அப்படியே இருந்தன. அனுப்பியாகிவிட்டது என்பதற்குத்தான் பச்சை வைத்திருந்தார். போய்ச் சேர்ந்ததா, பொருந்தியதா என்பதற்கு அவர் ஒரு நிறமும் வைக்கவில்லை.

தாஹிரா பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"பதினோரு மணி பஸ்ஸு இருக்கு சார்."

பஸ்ஸில் கஸ்பார் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் வாயைத் திறந்தார். தான் செய்தது முழுத் தப்பு, இனிமேல் பழையபடி அந்தந்தப் பெட்டியே தீர்மானிக்கட்டும், சர்வரையே தூக்கிக் கடாசிவிடலாம் என்றார். மூன்று மாத உழைப்பை இவ்வளவு சுலபமாகக் கடாச முடிகிறதே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சரி சார். செஞ்சு பாருங்க" என்றார் தாஹிரா.

மூன்று மாதத்துக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தை. கஸ்பார் அதைக் கவனிக்கவில்லை.

புன்னைத்துறையில் இறங்கும்போது மணி ஒன்று. கம்பத்தில் ஏணி ஏற்கெனவே சாத்தியிருந்தது. அடியில் சிலுவை நின்றுகொண்டிருந்தான், சட்டைப் பையில் ஸ்குரூடிரைவர். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தான். கஸ்பார் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு நேராக ஏணியில் ஏறினார். பெட்டியைத் திறந்து கேபிளைச் செருகி, கீழே இறங்கி லேப்டாப்பை விரித்தார்.

என்ன நடந்ததென்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. புதுப் பட்டியல் வந்ததும் பெட்டி பழைய பேக்கேஜ்களைத் தூக்கிப்போட்டிருக்கிறது. புதியவற்றை வைக்கப் பார்த்திருக்கிறது. ஒன்றும் ஏறவில்லை. மற்ற பதின்மூன்றும் போன வருஷத்துப் பெட்டிகள், இது மட்டும் நாலு வருஷத்துப் பெட்டி. இதில் இருந்த பைத்தானும் பழையது, இயந்திரமும் வேறு வகை. பழையதும் போய்ப் புதியதும் வராமல் வெறும் பெட்டியாக நின்றிருந்தது.

கஸ்பார் பஸ்ஸில் சொன்னபடியே செய்தார். பெட்டியைத் தானாகத் தீர்மானிக்கச் சொல்லி ஓடவிட்டார். பெட்டி ஒவ்வொரு பேக்கேஜின் விவரமாகக் கேட்டு வாங்கத் தொடங்கியது. ஒன்றைக் கேட்கும், சிக்னல் போகும், காத்திருக்கும், மறுபடி கேட்கும். வாங்கிய பிறகு இது ஒத்துவராது என்று தெரிந்து அதன் பழைய வெர்ஷனைக் கேட்கும். தாஹிரா கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து வறுத்த கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டரை மணிக்கு இருபத்து மூன்றில் நாலுதான் முடிந்திருந்தது.

சிலுவை ஏணியின் கால் மணலில் சரியாக ஊன்றியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை அசைத்துப் பார்த்தான்.

கஸ்பாருக்கு அழுகை வந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. அந்தக் கம்பத்துக்குக் குழி தோண்டும்போது அவர் கூட நின்றவர். நான் சொல்கிறேன், நம்புங்கள் என்று இந்த மணலில் நின்றுதான் ஊரிடம் சொன்னார். அந்த வார்த்தையை நம்பித்தான் ஊர் கடலுக்குப் போய் வலையைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறது.

அவர் படகு நிழலுக்குப் போய் தாஹிராவின் முன்னால் நின்றார்.

"சர்வர்லயும் ஆகலை. பெட்டியிலயும் ஆகலை. நீங்களே சொல்லுங்க டீச்சர்."

தாஹிரா கடலைப் பொட்டலத்தை நீட்டினார். கஸ்பார் வாங்கிக்கொள்ளவில்லை.

"சர்வர் இந்தப் பெட்டிக்கு எப்படி அந்தப் பட்டியலைப் போட்டுச்சு?"

கஸ்பார் சட்டென்று சொன்னார். முதல் வேலையே கேட்பதுதான். உன் பைத்தான் என்ன வெர்ஷன், நீ எந்த வகை இயந்திரம் என்று நிரல் கேட்கும். அதற்கு வருகிற பதிலை வைத்துத்தான் தீர்மானிக்கும். அந்தக் கேள்வியை விட்டுவிட அவர் ஒன்றும் விவரம் கெட்டவர் இல்லை. முதல் வரியிலேயே எழுதியிருக்கிறார்.

"யாரு கேக்குறா?"

"சர்வர்."

"யாருகிட்ட?"

கஸ்பார் லேப்டாப்பை எடுத்து அந்த வரியைத் தேடிப் பார்த்தார். பெட்டியில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அந்த வரி பெட்டியைக் கேட்டது. வேலையை அவர் சர்வருக்கு மாற்றினார், வரியும் கூடவே போய்விட்டது. மூன்று மாதமாக சர்வர் தன்னைத்தானே கேட்டுத் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பதின்மூன்று பெட்டிகளும் தற்செயலாக அதே மாதிரி இருந்ததால் பிழைத்துக்கொண்டன.

ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். அந்த ஒரு வரியை சர்வரிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டார். பெட்டி தன்னைப் பற்றி ஆறு வரி எழுதியது. ஆறு வரி சிக்னல் சரியில்லாத கரையிலிருந்தும் போய்ச் சேர்ந்துவிடும். சர்வர் எட்டு நொடியில் பதில் அனுப்பியது. எல்லாம் கொஞ்சம் பழைய வெர்ஷன்கள், எல்லாம் இந்தப் பெட்டிக்கு உரியவை. ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. மூன்றே முக்காலுக்கு இருபத்திரண்டு ஏறியிருந்தன.

இருபத்து மூன்றாவது மட்டும் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியைப் பேசவைக்கிற பேக்கேஜ் அது. மற்றவை தமக்கு என்ன வேண்டும் என்று மேலேயே எழுதி வைத்திருக்கும். இது அப்படியில்லை, பிரித்து ஓடவிட்டால்தான் சொல்லும். ஓடும்போது தான் இருக்கிற இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அதற்குத் தக்கபடி கேட்கும். பைத்தானில் இன்னும் இப்படிச் சில உண்டு. சர்வர் அதைத் தன் இடத்தில் பிரித்துப் பார்த்துவிட்டுத் தனக்குப் பொருந்துகிற ஒன்றைச் சொல்லியிருந்தது, அது இந்தப் பெட்டியில் ஏறவில்லை.

கஸ்பார் தாஹிராவைப் பார்த்தார். தாஹிரா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை கஸ்பார் கேட்கவில்லை. பேக்கேஜைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும்படி சர்வரிடம் சொன்னார். அது இறங்கி வர எட்டு நிமிஷம் ஆயிற்று. பெட்டியிலேயே வைத்துப் பிரித்தார். அது சுற்றிப் பார்த்தது. சர்வர் சொன்னதைக் கேட்காமல், பெட்டியில் நாலு வருஷமாகக் கிடந்த ஒரு பழைய சாமான் போதும் என்றது.

நாலு மணி ஆயிற்று. பெட்டி பேசவில்லை. இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

கரையில் ஆட்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு மூன்றுக்கு சிலுவை ஏணியின் முதல் படியில் கால் வைத்தான். அப்படியே நின்றான். அவனும் அந்தக் கம்பத்துக்குக் குழி தோண்டியவன்தான்.

நாலு ஏழுக்கு ஒலிபெருக்கி இருமுவதுபோல் ஒரு சத்தம் போட்டது. பிறகு நிதானமாக வாசித்தது. நாளையும் நாளை மறுநாளும் தென்மேற்கிலிருந்து பலத்த காற்று. அலை இரண்டரை மீட்டர் வரை. படகுகள் கடலுக்குப் போக வேண்டாம்.

இரண்டு தடவை வாசித்துவிட்டு நின்றது. கூட்டம் கலைந்தது. ஒருவர் படகை இன்னும் மேலே இழுத்துப் போட ஆள் கூப்பிட்டார்.

சிலுவை ஏணியிலிருந்து காலை எடுத்தான். ஏணியைச் சாய்த்துத் தோளில் தூக்கப் போனவனைக் கஸ்பார் நிறுத்தினார். வந்ததிலிருந்து அப்போதுதான் கேட்டார்.

"கையில என்னடா?"

"வலையை விட மனசு வரலை. கயிறு கையை அறுத்துட்டு."

"எத்தனை போச்சு?"

"நாலு. புதுசு ரெண்டு." சிலுவை கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணு சொல்லுதேன் அண்ணே. விஷயம் இல்லாத அன்னைக்கும் அது ஒரு வார்த்தை பேசட்டும். கமிட்டில நான் சொல்லிக்கிடுதேன்."

கஸ்பார் ஏணியின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டார். அண்ணனும் தம்பியும் அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஐஸ் கொட்டகையில் வைத்துவிட்டு வந்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் நிற்க நிழலில்லை. வெயில் தாழ்ந்துவிட்டதால் பரவாயில்லை. காற்று மணலை வாரி அடித்தது, தாஹிரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பஸ் தூரத்தில் வளைவில் தெரிந்தபோது கஸ்பார் கேட்டார். கேள்வி மூன்று மாதமாக அவருக்குள் அப்படியே இருந்தது.

"இன்னைக்குத் தீர்மானம் பண்ணுனது யாரு டீச்சர்? சர்வரா, பெட்டியா?"

தாஹிரா பஸ்ஸை நிறுத்தக் கையைக் காட்டினார்.

"அந்த இருமல் மருந்து இன்னும் என் டிராயர்லதான் இருக்கு சார். அது யாருக்குன்னு நீங்க இதுவரைக்கும் என்னைக் கேக்கலை."